இரண்டரையால் வந்த வினை

அடுத்தவர் உழைப்பில் பேர் வாங்குகிறவர்களைப் பார்த்துப் பொருமுவதில் அர்த்தமில்லை என்று என் கணவர் சொல்லுவார். அவர் சொல்லலாம். அவருடைய வேலையை ஒரே முற்பகலில் தூக்கி இன்னொருவர் மடியில் யாரும் வைக்கவில்லை. என்னுடையதை வைத்தார்கள். வைத்ததோடு விடாமல், எனக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு வேலையை என் தலையில் கட்டினார்கள். இத்தனை வருஷம் கழித்தும் நினைத்தால் வயிறு எரிகிறது. (எரியட்டும். ஆறிப்போன கோபத்தை வைத்துக்கொண்டு என்ன எழுதுவது?)

எண்பதுகளின் கடைசியில், ஏற்காட்டில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். நிரந்தரமில்லாத வேலை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்பளியும் குடையும் விற்கிற கடை எங்கள் அத்தாவுடையது. பாய் கடைப் பெண் மெகருன்னிசா, அதாவது நான், பி.எஸ்ஸி., பி.எட். முடித்துவிட்டுப் பள்ளிக்கூடத்து மேட்டில் ஏறுவதை அத்தா தினமும் கடை வாசலில் நின்று பார்ப்பார். வாடிக்கையாளர் யாராவது இருந்தால் அவரையும் பார்க்கச் சொல்லுவார்.

ஒரு நாள் காலை தலைமையாசிரியர் அப்பாதுரை சார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். எதையும் நேராகச் சொல்லாமல் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் அவர். அன்றைக்கு மட்டும் நேராகச் சொன்னார்.

“ஏம்மா மெகரு, நீ டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியிருக்கற இல்ல?”

“ஆமாங்க சார்.”

“அப்ப நீதான் கம்ப்யூட்டர் டீச்சர்.”

பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் குரூப் தொடங்கப் பள்ளிக்குத் தற்காலிக அனுமதி கிடைத்திருந்தது. பாடத்திட்டம் வந்துவிட்டது. பிள்ளைகளும் சேர்ந்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் மட்டும் வரவில்லை. “வந்துரும்மா, அடிவாரம் வரைக்கும் வந்துருச்சுன்னு நினைச்சுக்க” என்றார் சார். நான் அப்படியே நினைத்துக்கொண்டேன். முழுசாக ஒரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பயிற்சி கொடுக்காமல் இல்லை. சேலத்தில் கொடுத்தார்கள். பல ஊர்களிலிருந்து வந்த வாத்தியார்கள் நிறைந்த ஒரு கூடத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதைச் சுற்றி ஆண்கள் நின்றுகொண்டார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் ஆண்கள். கடைசியில் நாங்கள் நாலைந்து பெண்கள். பயிற்சி முடிகிறபோது கம்ப்யூட்டரைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட டெர்லின் சட்டைகளின் முதுகுத் தையலைப் பற்றித் தெரிந்தது அதிகம். “முன்னால வாங்க மேடம்” என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. நானும் இடித்துக்கொண்டு போகவில்லை. (இன்றைக்கு இருந்தால் முழங்கையால் இடித்திருப்பேன்.) அங்கே தந்த புத்தகத்தை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்து, ஒரு எழுத்து விடாமல் உருப்போட்டேன்.

ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கியபோது என் நடையே மாறியிருந்தது. தொட்டுப் பார்க்காத ஒரு பொருளுக்கு டீச்சர் என்கிற கூச்சம் துளிகூட இல்லை. யாராவது “என்ன டீச்சர், நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டால், “கம்ப்யூட்டர் வந்ததிலேர்ந்து நேரமே இல்லைங்க” என்பேன். அத்தா இன்னும் ஒரு படி மேலே போனார். குடை வாங்க வருகிறவர்களிடமெல்லாம், “எம்மக கம்ப்யூட்டர் டீச்சருங்க, இந்த மலையிலேயே அது ஒண்ணுதான்” என்று சொல்லி வைத்தார். அதன் பலனாக ஒரு அம்மா ஜாதகக் கட்டோடு என்னிடம் வந்து, “ஏனுங்க டீச்சர், பையனுக்குப் பொருத்தம் பாத்துச் சொல்லுங்க, கம்ப்யூட்டர் நொம்பக் கரெக்டாச் சொல்லுதாம்” என்றார். பையனின் ஜாதகத்தை நான் வாங்கி ஒரு நிமிஷம் பார்த்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வகுப்பில் கதை வேறு. அட்டையில் விசைப்பலகை வரைந்து கொடுத்தேன். பிள்ளைகள் அதில் தட்டினார்கள். தட்டினால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். “திரையில எழுத்து வரும்” என்றேன். “எங்கீங்க டீச்சர்?” என்று செல்வம் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தான். அவன் கிண்டல் செய்கிறானா, நிஜமாகக் கேட்கிறானா என்று கடைசிவரை எனக்குத் தெரியாது.

எத்தனை நாளுக்குத்தான் அட்டையைத் தட்டுவது? யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். கம்ப்யூட்டர் இல்லை என்றால் என்ன, பிள்ளைகளே கம்ப்யூட்டராக இருக்கட்டும்.

சாக்பீஸால் தரையில் கட்டங்கள் போட்டேன். புரோகிராமின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு பிள்ளை. கரடியூரிலிருந்து நடந்து வருகிற பழனியம்மாள், நெட்டையாக, கணீரென்ற குரலோடு இருப்பாள். அவள்தான் கட்டம் கட்டமாகப் போய் ஒவ்வொரு கட்டளையையும் நிறைவேற்றுகிறவள். செல்வம்தான் நினைவகம். கையில் சிலேட்டு வைத்திருப்பான், எந்த எண் சொன்னாலும் எழுதிக்கொள்வான், அழிக்கச் சொன்னால் அழிப்பான்.

அவர்களுக்குப் பிடித்த புரோகிராம் ஒன்று இருந்தது. நானே எழுதியது. முதல் கட்டத்தில் ஒரு எண் கேட்க வேண்டும். அடுத்ததில் அந்த எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். அடுத்ததில் அதிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும். பிறகு, சைபர் வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். வந்திருந்தால் ‘எண்ட்’ கட்டத்துக்குப் போய் முடித்துவிடலாம். வராவிட்டால் திரும்ப ஓடிப்போய் எண்ணைச் சொல்ல வேண்டும். ஐந்து என்று கொடுத்தால் ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று சுற்றிவந்து எண்ட். எண்ட் கட்டத்தில் சின்னப்பொண்ணு என்று ஒரு குட்டிப் பெண் நின்றிருப்பாள். அவளுக்குக் கடைசியில் கைகூப்பி “எண்ட்” என்று சொல்வது மட்டும்தான் வேலை. அதற்காக அவள் காட்டிய பொறுமையைச் சொல்லி மாளாது.

இதில் நான் ரொம்பக் கண்டிப்பு. “கம்ப்யூட்டருக்குக் காது கிடையாது. டீச்சர் சொன்னாலும் கேட்காது, சாமி சொன்னாலும் கேட்காது. புரோகிராம் சொன்னதை மட்டும்தான் கேட்கும். எண்ட் வர்ற வரைக்கும் நிக்கக் கூடாது” என்று சொல்லி வைத்திருந்தேன். சோதிப்பதற்காக நடுவில் “நிறுத்து” என்று கத்துவேன். நின்றவர்களை வகுப்புக்கு வெளியே நிறுத்தினேன். கொஞ்ச நாளில் ஒருவரும் நிற்பதில்லை. எனக்கு அப்படி ஒரு பெருமை.

வருஷக் கடைசியில்தான் அந்தச் செய்தி வந்தது. சேலத்திலிருந்து ஒரு அதிகாரி வருகிறார், கம்ப்யூட்டர் குரூப்பைப் பார்வையிட்டு அனுமதியை நீட்டிப்பதா, ரத்து செய்வதா என்று சொல்லப்போகிறார். பிள்ளைகள் முகம் தொங்கிப்போயிற்று. பழனியம்மாள் தனியாக வந்து நின்றாள்.

“டீச்சர், குரூப்பை எடுத்துட்டா கீழ சேலத்துல போயித்தான் படிக்கணுங்களா?”

“அப்படித்தான் ஆகும் போலிருக்கு.”

“எங்கூட்டுல அனுப்ப மாட்டாங்க டீச்சர். படிச்சது போதும், காட்டு வேலைக்கு வான்னு சொல்லிருவாங்க.”

அவள் அழவில்லை. விஷயத்தைச் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள். 

நேராக அப்பாதுரை சாரிடம் போனேன். கம்ப்யூட்டர் வரவில்லை என்ற உண்மையை அதிகாரியிடம் சொல்லிவிடலாம், பிள்ளைகள் கற்றுக்கொண்டதைக் காட்டலாம் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“கம்ப்யூட்டர் இல்லைன்னு சொன்னா குரூப்பும் இல்லைன்னு எழுதிட்டுப் போயிருவாரும்மா. நான் ஏற்பாடு பண்ணிட்டேன். கரடியூர்ப் பக்கம் எஸ்டேட்டுல ஒண்ணு வாங்கி வெச்சிருக்காங்க. ஒரு நாளைக்கு இரவல் தர்றாங்க.”

“இரவலா சார்?”

“ஒரே ஒரு கண்டிஷன்தான். அவங்க கணக்கு எழுதற ரைட்டரைத் தவிர யாரும் தொடக் கூடாது.”

அதாவது, ஒரு வருஷம் காத்திருந்து கம்ப்யூட்டர் பள்ளிக்கூடத்துக்குள் வருகிறது, அதையும் நான் தொடக் கூடாது. அப்போதே எனக்குக் காது சூடாகிவிட்டது.

அந்த நாளும் வந்தது. காலையிலிருந்தே மேகம் இறங்கி, எதிரில் வருகிறவர் முகம் தெரியாத மூட்டம். எஸ்டேட் ஜீப்பில் ரைட்டர் தங்கவேலு வந்து இறங்கினார். குரங்குக் குல்லாய், இரண்டு ஸ்வெட்டர், மடியில் கம்பளி சுற்றிய கம்ப்யூட்டர். பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையைக் கொண்டுவருகிற மாதிரி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தார். நான் உதவி செய்யக் கை நீட்டினேன்.

“வேண்டாங்கண்ணு. தூசி ஒட்டீரும்.”

யாருடைய தூசி என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அவரே வயர்களைச் சொருகி, அவரே நாற்காலியைத் துடைத்து, அவரே உட்கார்ந்துகொண்டார். கெட்ட மனுஷர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். அவருக்குக் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு வேலை தெரியும். காப்பிப் பழம் பறிக்கிற ஆட்களின் கூலியைக் கணக்கிடுவது. மற்றபடி அந்தப் பெட்டி என்ன செய்யும் என்பதில் அவருக்கு ஆர்வமும் இல்லை.

“ரைட்டர் ஐயா, அதிகாரி வரும்போது கொஞ்சம் எந்திரிச்சு ஓரமா நின்னுக்கறீங்களா? நான் பக்கத்துல உக்காந்துக்கறேன், தொடமாட்டேன்” என்றேன்.

“அதெப்படிங்கண்ணு? எஸ்டேட் தொரை சொன்னது, நாந்தான் இங்க உக்காரோணும்னு” என்றார். அவர் எழுந்திருப்பதாக இல்லை.

அதிகாரி வந்தார். சமவெளிக்காரர். கொண்டை ஊசி வளைவுகள் அவரை ஒரு வழி பண்ணியிருந்தன. முகம் வெளுத்து, கையில் முகர்ந்து முகர்ந்து கசங்கிய எலுமிச்சம்பழத்தோடு கூடத்துக்குள் நுழைந்தவர், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து நேராக அங்கே போனார்.

“நீங்கதான் கம்ப்யூட்டர் ஆசிரியரா? உட்காருங்க, உட்காருங்க. எழுந்திருக்க வேண்டாம்.”

ரைட்டர் எழுந்திருக்கவே இல்லை என்பது வேறு விஷயம். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பாதுரை சார் என் பக்கம் திரும்பிக் கண்ணாலேயே கெஞ்சினார். ரைட்டர் யார் என்று சொன்னால் கம்ப்யூட்டர் யாருடையது என்று சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டேன்.

“பசங்களுக்கு என்ன சொல்லித் தர்றீங்க?” என்று அதிகாரி கேட்டார்.

“மொதல்ல ஆள் பேரைப் போடோணுங்க. அப்புறம் எத்தனை கிலோ பழம் பறிச்சாங்கன்னு போடோணுங்க. அதுவே கூலி சொல்லீருங்க” என்றார் ரைட்டர் பவ்யமாக.

அதிகாரி முகம் மலர்ந்தது. “அற்புதம். உள்ளூர்த் தொழிலோட சேர்த்துப் பாடம். இதைத்தான் எல்லாரும் செய்யணும்.” பிறகு என்னைப் பார்த்தார். “இவங்க?”

அப்பாதுரை சார் முந்திக்கொண்டார். அந்த ஒரு வினாடியில் அவர் எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். கணக்கு டீச்சர் என்றிருக்கலாம். அதுதான் உண்மையும்கூட. மனுஷர் பதற்றத்தில், “இவங்க வந்துங்க... இந்தக் கலை நிகழ்ச்சி எல்லாம் பாத்துக்கறவங்க” என்றார்.

“ஓ” என்றார் அதிகாரி. அந்த “ஓ”வை நான் இன்னும் மறக்கவில்லை.

அந்த நேரத்தில் கரண்ட் போயிற்று. மூட்டம் இறங்கிவிட்டால் எங்கள் ஊரில் கரண்டை நம்ப முடியாது. திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி இருண்டது. ரைட்டர் உடனே கம்பளியை எடுத்துக் கம்ப்யூட்டருக்குப் போர்த்திவிட்டார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். மாணவர்கள் செய்து காட்டுவதைப் பார்க்காமல் எதையும் எழுத முடியாது என்றார். இன்னொரு நாள் வர வேண்டியிருக்கும், அதற்குள் அனுமதிக் காலம் முடிந்துவிடும் என்றும் சொன்னார்.

ஜன்னலோரம் வரிசையாக நின்றிருந்த பிள்ளைகளைப் பார்த்தேன். பழனியம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சார், கரண்ட் இல்லாமலே பசங்க செஞ்சு காட்டுவாங்க” என்றேன். என் குரல் எனக்கே கேட்டது, அவ்வளவு சத்தம். அப்பாதுரை சாரும் முழுகுகிறவர் போல அதைப் பிடித்துக்கொண்டார். “ஆமாங்க, அதைப் பாருங்க, நொம்ப நல்லா இருக்கும்” என்று சொல்லி, அதிகாரிக்கு நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அவருடைய நாற்காலியைக் கூடத்தின் நட்டநடுவில் கொண்டுபோய்ப் போட்டார். வேறு வழியில்லாமல் நான் கட்டங்களை அவரைச் சுற்றி வட்டமாகப் போட்டேன்.

இதுவரை நடந்ததற்கெல்லாம் மற்றவர்கள் பொறுப்பு. இனி நடந்ததற்கு நானும் கொஞ்சம் பொறுப்பு.

பழனியம்மாள் முதல் கட்டத்தில் வந்து நின்று, “எண்ணைச் சொல்லுங்க” என்றாள் கணீரென்று. அதே சமயத்தில் அப்பாதுரை சார் குனிந்து, சாப்பாட்டு ஏற்பாட்டுக்காக, வண்டி எப்போது கிளம்புகிறது என்று அதிகாரியின் காதில் கேட்டார்.

“இரண்டரை” என்றார் அதிகாரி.

செல்வம் சிலேட்டில் இரண்டரை என்று எழுதிக்கொண்டான்.

நான் கவனித்திருக்க வேண்டும். ஆனால் பிள்ளைகள் இவ்வளவு அழகாகத் தொடங்கிவிட்டார்களே என்று நெஞ்சு விம்ம நின்றிருந்தேன். “இரண்டரை” என்றாள் பழனியம்மாள். ஒன்றைக் கழித்தாள். “ஒன்றரை.” மறுபடி கழித்தாள். “அரை.” அடுத்து சைபர் வர வேண்டிய இடத்தில் செல்வம் சிலேட்டை அழித்து எழுதிக் காட்டினான். “மைனஸ் அரை” என்று சொல்லிவிட்டு அவள் ஓடினாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டரையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால் சைபர் வரவே வராது. சைபரைத் தாண்டிக் குதித்து அந்தப் பக்கம் போய்விடும். சைபருக்குக் கீழே போனாலும் நிறுத்து என்று ஒரு வார்த்தை நான் புரோகிராமில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. கணக்கில் பட்டம் வாங்கியவள் எழுதவில்லை.

“போதும் பழனி, நிறுத்து” என்றேன்.

அவள் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. கம்ப்யூட்டருக்குக் காது கிடையாதே. “மைனஸ் மூன்றரை.” அதிகாரியைச் சுற்றி ஒரு ஓட்டம். “மைனஸ் நாலரை.” இன்னொரு ஓட்டம். “நிறுத்துங்க பிள்ளைகளா” என்று கத்தினேன். இது டீச்சர் வைக்கிற சோதனை, இன்றைக்கு அதிகாரி முன்னால் தோற்கக் கூடாது என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். நான் கத்தக் கத்த வேகம் கூடியது. ஓடுகிற பெண்ணைப் பின்தொடர்ந்து அதிகாரியின் தலையும் சுற்றிக்கொண்டே இருந்தது. முதலில் ஆர்வத்தோடு சுற்றியது. பிறகு கடமைக்குச் சுற்றியது. மைனஸ் பத்துக்குக் கீழே போனபோது அவர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். மலைப்பாதை மிச்சம் வைத்திருந்ததை அந்தக் கூடத்தில் நாங்கள் முடித்துவைத்துக்கொண்டிருந்தோம்.

வேறு வழி தெரியவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வட்டத்துக்குள் பாய்ந்து, செல்வத்தின் கையிலிருந்த சிலேட்டைப் பிடுங்கி, முந்தானையால் அழித்து, பெரிதாக ஒரு சைபர் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

பழனியம்மாள் சைபரைப் பார்த்தாள். நின்றாள். மூச்சு வாங்க எண்ட் கட்டத்துக்கு நடந்தாள். இத்தனை நேரமும் ஆடாமல் அசையாமல் காத்திருந்த சின்னப்பொண்ணு ஓரடி முன்னால் வந்து, அதிகாரியை நோக்கிக் கைகூப்பி, தெளிவாக, “எண்ட்” என்றாள்.

 அப்பாதுரை சார் மட்டும், ஏதோ செய்ய வேண்டுமே என்று, பலமாகக் கைதட்டினார். அதிகாரியும் இரண்டு தட்டுத் தட்டினார். மூன்றாவதைத் தட்டாமல் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

சவுக்கு மரத்தடியில் அவர் குனிந்து நின்றபோது ஓடிப்போய் முதுகைத் தடவிவிட்டவர் ரைட்டர் தங்கவேலு. தண்ணீர் கொடுத்ததும் ஸ்வெட்டர் பையிலிருந்து சுக்கை எடுத்துக் கடிக்கச் சொன்னதும் அவரே. “ஒண்ணுமில்லீங்க சாமி, மலைக்கு வந்தா எல்லார்த்துக்கும் இப்படித்தானுங்க” என்று அவர் ஆறுதல் சொன்னது ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது. நான் உள்ளே, கையில் சாக்பீஸ் தூளோடு, முந்தானையில் ஒரு பெரிய வெள்ளைக் கறையோடு நின்றிருந்தேன். வேலை போயிற்று, குரூப்பும் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். பழனியம்மாள் பக்கத்தில் வந்து, “நாங்க கரெக்டாத்தானுங்களே டீச்சர் செஞ்சோம்?” என்று கேட்டாள். “கரெக்டாத்தான் செஞ்சீங்க கண்ணு. நான்தான் தப்பா எழுதிட்டேன்” என்றேன்.

சில வாரங்கள் கழித்து ஆய்வறிக்கையின் நகல் வந்தது. அப்பாதுரை சார் என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் படித்தார். குரூப்புக்கு அனுமதி நீட்டிப்பு. அதுவும் நிரந்தரமாக. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டிருக்கும்போதே அவர் அடுத்ததைப் படித்தார். கணினி ஆசிரியர் திரு. தங்கவேலு பாடத்தில் ஆழ்ந்த அறிவும் மனிதநேயமும் ஒருங்கே உடையவர். இத்தகையவர்களுக்கு மேற்பயிற்சி அளிப்பது துறைக்கு நன்மை பயக்கும்.

“சார்” என்றேன்.

“இரும்மா, உன்னையும் எழுதியிருக்காரு.”

நாடக ஆசிரியையின் இயக்கத்தில், முடிவின்றிச் சுழலும் மனித வாழ்க்கை இறுதியில் சூனியத்தில் அடங்குவதை, வசனங்களைத் தவிர்த்து எண்களாலேயே மாணவர்கள் உணர்த்திய விதம் மனதைத் தொட்டது. நாடகத்தின் நீளத்தைச் சற்றுக் குறைக்கலாம்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். “நான் என்ன சார் நாடகம் போட்டேன்? ஒரு வருஷமா உயிரைக் குடுத்துப் பாடம் நடத்தினது நான். அந்த மனுஷர் ஒரு சுவிட்சைப் போட்டாரு. அதுவும் கரண்ட் போயிருச்சு. திருத்தி எழுதச் சொல்லுங்க சார்.”

“எழுதச் சொல்லலாம்மா. தங்கவேலு யாருன்னு கேப்பாங்க. கம்ப்யூட்டர் யாருதுன்னு கேப்பாங்க. அப்புறம் குரூப்பு?” அவர் குரல் தாழ்ந்தது. “நான் அன்னைக்குக் கணக்கு டீச்சர்னு சொல்லியிருக்கலாம். வாயில வரல. மன்னிச்சுக்கம்மா.”

ஜன்னலுக்கு வெளியே பழனியம்மாளும் மற்றவர்களும் கோ-கோ ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் உட்கார்ந்தேன். அத்துடன் நான் நாடக ஆசிரியை ஆனேன்.

அவமானம் அதோடு முடியவில்லை. மேற்பயிற்சிக்கான அழைப்பு கணினி ஆசிரியர் தங்கவேலு பேருக்கே வந்தது. அவர் எஸ்டேட்டில் லீவு போட்டுவிட்டு நிஜமாகவே போய்வந்தார். திரும்பி வந்தவர் நேரே எங்கள் கடைக்கு வந்து, பயிற்சியில் தந்த ரெக்சின் பையை என்னிடம் நீட்டினார்.

“உனக்குத்தான் கண்ணு இது சேரோணும். மனசுல ஒண்ணும் வெச்சுக்காத.”

“அங்க என்ன சொல்லிக் குடுத்தாங்க, ஐயா?”

அவர் மனசார யோசித்தார். “மத்தியானச் சாப்பாடு நொம்ப நல்லா இருந்துச்சுங்கண்ணு.”

அந்தப் பையை எறிய வேண்டும் என்றுதான் வாங்கினேன். தையல் நன்றாக இருந்தது.

அத்தாவுக்கு விஷயம் தெரிந்தபோது இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. “கம்ப்யூட்டருன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன், நீ கூத்துக் கட்டறியாம்மா?” என்றார். நான் எத்தனை விளக்கியும், பிள்ளைகளை வட்டமாக ஓடவிட்டது எப்படிக் கம்ப்யூட்டர் ஆகும் என்பது அவருக்கு விளங்கவே இல்லை. அதற்குள் சேதி சேலத்தை எட்டிவிட்டது. அங்கிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர், எல்லோரும் பக்கத்து அறைக்குப் போன இடைவெளியில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “நாடகமெல்லாம் போடுவீங்களாமே?” என்பதுதான். எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். ஆனால் அவர் கேலியாகக் கேட்கவில்லை, ஆசையாகக் கேட்டார். மன்னித்துக் கட்டிக்கொண்டேன். அதற்கான பலனை இன்றுவரை அனுபவிக்கிறேன்.

கம்ப்யூட்டர்கள் பிற்பாடு வந்தன. அவற்றை இயக்கச் சொல்லித் தந்ததும் நான்தான். ஆனாலும் பள்ளி ஆண்டு விழா நெருங்கினால் அத்தனை பேரும் என்னைத்தான் பார்ப்பார்கள். வேலை நிரந்தரமாயிற்று, தலைமையாசிரியர்கள் மாறினார்கள், அந்தப் பொறுப்பு மட்டும் மாறவில்லை. நான் ஓய்வு பெற்ற அன்று செல்வம் பெங்களூரிலிருந்து வந்து மேடையில் பேசினான். “மத்தவங்க எல்லாம் கம்ப்யூட்டர்ல வேலை செஞ்சு பழகினாங்க. நாங்க கம்ப்யூட்டராவே வேலை செஞ்சு பழகினோம்” என்றான். வங்கி மேலாளர் பழனியம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் மனசு குளிர்ந்தது. அடுத்து விழா நினைவுப் பரிசைக் கொடுத்தார்கள். அதில் நாடகக்காரர்களின் சின்னமாக ஒரு சிரித்த முகமூடியும் ஒரு அழுத முகமூடியும் இருந்தன.

வீட்டில் கேட்கவே வேண்டாம். யாராவது புதிதாக வந்தால் என் கணவர் இந்தக் கதையை ஆரம்பித்துவிடுவார், நான் ஓடியதாகவும் சேர்த்துச் சொல்லுவார். (நான் ஓடவில்லை. பாய்ந்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது.) போன வாரம் மகள் போன் செய்தாள். பேரனுக்குப் பள்ளிக்கூட நாடகத்தில் மரம் வேஷமாம்.

“அம்மா, நீதான் வந்து சொல்லித் தரணும். எங்க ஊட்டுலேயே ஒரு நாடக டீச்சர் இருக்காங்கன்னு அவங்க மிஸ்கிட்ட சொல்லிட்டேன்” என்றாள். பின்னால் மருமகன் சிரிக்கிற சத்தம் கேட்டது.

அந்தப் பையனுக்குக் கணக்கில் மார்க் குறைந்தபோது ஒருத்தர்கூட என்னைக் கூப்பிட்டதில்லை. கம்ப்யூட்டர் பாடத்தில் சந்தேகம் வந்தபோது கூப்பிட்டதில்லை. மரம் ஆனதும் கூப்பிடுகிறார்கள். பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன்.

வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சமையலறையில் பாத்திரங்களை இடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் நானே திரும்பக் கூப்பிட்டு, மரத்துக்கு வசனம் உண்டா என்று கேட்டேன்.